ஒரே கெமரா, மூன்று விலை

கஹவத்தைத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணப் படம் பிடிக்கும் சுதாகரனின் பழைய கெமரா ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. தை பிறப்பதற்குள் புதிது வாங்காவிட்டால், ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் எல்லாம் டவுன் ஸ்டூடியோக்காரன் கைக்குப் போய்விடும்.

வாங்கப் போனவனுக்குத் தலை சுற்றியது. கொழும்பு ஏஜென்ட் ஒரு விலை சொன்னார். போன் கடை லாபிர் நானா, யாரோ வெளிநாட்டிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்த சாமான் என்று அதைவிடக் குறைத்துச் சொன்னார். இணையத்தில் பார்த்தால் குவைத்தில் இன்னும் மலிவு. செய்த கம்பெனி ஒன்று, பெட்டியும் ஒன்று. பிறகென்ன மாயம் இது? மண்டைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

தோட்டத்தில் வேலை செய்யும் காத்தமுத்துவின் மூத்த மகள் யோகேஸ்வரி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தங்கை கல்யாணத்துக்கு வரவிருந்தாள். அதற்குப் படம் பிடிப்பதும் சுதாகரன்தான். அவளிடமே விசாரிக்கச் சொன்னான்.

பாவம், கிடைத்த ஒரு நாள் லீவிலும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுத்தான் போன் எடுத்தாள். அங்கே வரி கொஞ்சமாம். இங்கே வரிக்கு மேல் வரி. பழுதானால் திருத்தித் தரும் பொறுப்பையும் ஏஜென்ட் விலையிலேயே சேர்த்துவிடுவாராம். சூட்கேஸ் சாமானுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

"சாமானுக்கு மட்டும் இல்லண்ணே, எந்த ஊரு ஆளு வாங்குறாங்கன்னு பாத்தும் கம்பெனி வெல போடுமாம்," என்றாள்.

சுதாகரனுக்கு உச்சி குளிர்ந்தது. கெமராவைத் தானே கொண்டுவருவதாகவும், காசை அப்பாவிடம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னாள்.

"இன்னொன்னுண்ணே. பக்கத்து லயத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் இதே அல்பம்தானே போட்டீங்க? எங்க அப்பாகிட்ட மட்டும் ஏன் வெலயக் கூட்டிச் சொன்னீங்க?"

கோபமே இல்லை. கடைக்காரனிடம் கேட்டது போலவேதான் கேட்டாள். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடு என்றால் கூட்டிச் சொல்வது அவன் வழக்கம். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

"பக்கத்து லயத்துக்காரங்க குடுத்ததயே குடுங்க," என்றான்.

அவள் அதோடு விடவில்லை.

"அந்த வெலைக்கு, படம் ஏதும் பழுதானா நீங்க பொறுப்பா? இல்ல, அதுவும் சூட்கேஸ் சாமானாண்ணே?"

"பொறுப்புதான்," என்றான் சுதாகரன்.