அசந்துட்டேன்

"கையைக் கொஞ்சம் போர்வைக்குள்ள வச்சுக்கோம்மா, வீடியோல தெரிய வேணாம்" என்று சத்யப்பிரியா மேடம் சொன்னபோது, அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசலாமா என்று எனக்குப் பரபரத்தது. என்னோடு வேலை பார்க்கிற ஷாலின், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இரண்டு விரல் போன வலது கையைக் கட்டோடு உள்ளே இழுத்துக்கொண்டு, தலைமுடியை இடது கையால் சரிசெய்துகொண்டாள்.

சத்யப்பிரியா மேடம் எங்கள் கம்பெனியின் மீடியா ரிலேஷன்ஸ் மேனேஜர். எங்கள் ஊரில் ரிலேஷன் என்றால் சொந்தக்காரர்கள். கல்யாணத்துக்கு மொய் எழுத வருவார்கள், சாவுக்குப் பாடை தூக்க வருவார்கள். ஒரகடத்தில் காருக்குத் தகடு அடிக்கிற எங்கள் கம்பெனிக்குப் பேப்பர்காரர்களும் டிவிக்காரர்களும்தான் அந்த மாதிரி சொந்தம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், பொங்கலுக்குப் பை, வருஷம் முழுக்க விளம்பரம். அடிபட்ட பெண்ணை ஆஸ்பத்திரியில் பார்க்க சூப்பர்வைசர் வரவில்லை, மேடம்தான் முதலில் வந்தார். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் இல்லையா.

"என்ன ஆச்சுன்னு உன் வாயாலயே சொல்லும்மா."

"ரெண்டு ஷிஃப்ட்டு சேந்தாப்ல பாத்து அசந்துட்டேன் மேடம். சென்சார வேற ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. கைய எடுக்கறதுக்குள்ள பிரெஸ் எறங்கிடுச்சு."

கை குறுக்கே வந்தால் தகடு வெட்டுகிற பிரெஸ் மிஷினை நிறுத்துவதுதான் அந்த சென்சாரின் வேலை. அடிக்கடி நிறுத்தினால் உற்பத்தி குறையும் என்று அதன் கண்ணைக் குத்தி வைத்திருந்தார்கள். மேடம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். "நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துத்தான் கொண்டார்.

மறுநாள் பேப்பரில், 'பணியின்போது அசந்துவிட்டதாகத் தொழிலாளியே தெரிவித்தார்' என்று வந்தது. எங்கள் பக்கம் உடம்பு ஓய்ந்து போனாலும் அசந்துட்டேன்தான், கண் மூடித் தூங்கிப்போனாலும் அசந்துட்டேன்தான். முன்னால் இருந்த இரண்டு ஷிஃப்ட்டையும் பின்னால் இருந்த சென்சாரையும் நறுக்கிவிட்டு நடுவில் இருக்கிற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து வைத்தால், ஷாலின் வேலையில் தூங்கினவள். பொய் என்று யாராலும் சொல்ல முடியாது, அவள் சொன்ன வார்த்தைதான். எங்கள் பிரெஸ்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டாது.

கவனக்குறைவு அவளுடையது என்றால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை, கான்ட்ராக்ட் முடிந்ததும் வேலையும் இல்லை என்று எச்.ஆரில் சொல்லிவிட்டார்கள். அதைக்கூட ஷாலின் தாங்கிக்கொண்டாள். அவள் அப்பா லாசர் சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். யாரோ டீக்கடையில் அவருக்கு அந்தப் பேப்பரைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஷாலின் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், "நான்தான் ராவெல்லாம் முழிச்சிக்கினு கீறேன். நீ வேலைல தூங்குனியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு மகளிடம் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாராம். இதைச் சொல்லும்போதுதான் ஷாலின் அழுதாள். விரல் போனதற்கு அழவில்லை.

அடுத்த வாரம் டிவிக்காரர்களைக் கூப்பிட்டுக் கம்பெனியைச் சுற்றிக் காட்டினார்கள். தரைக்குப் புது மஞ்சள் பெயின்ட், எல்லோருக்கும் புதுக் கையுறை, கேன்டீனில் பிரியாணி. ஆயுத பூஜைக்கு மைக் பிடித்துப் பேசுகிறவள் என்பதால் தொழிலாளர் சார்பில் பேச மேடம் என்னைத்தான் பிடித்தார். 'கம்பெனி எங்களுக்குத் தாய் வீடு மாதிரி' என்று ஆரம்பிக்க வேண்டும். வசனத்தை அவரே எழுதியிருந்தார்.

கேமராவுக்கு முன்னால் நின்றேன். பின்னால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஓடினால்தான் படம் நன்றாக இருக்குமாம். கேமராக்காரருக்குப் பின்னால் நின்று மேடம் வாயை மட்டும் அசைத்தார்: தாய் வீடு, தாய் வீடு. எனக்கு நன்றாகவே புரிந்தது. பிரெஸ் ஷாப்பில் காதடைப்பானோடு நிற்கிற எங்களுக்கு வாயசைவுதான் பேச்சு. எங்கள் லைனில் நிற்கிற செல்வலட்சுமி தன் மாமியார் சண்டையை முழுதாக, மூச்சுச் சத்தம் இல்லாமல், மூன்று மிஷின் தள்ளி நிற்கிறவளுக்குச் சொல்லி முடிப்பாள். எங்கள் தாய் வீட்டில் விரலை வெட்டுகிற பழக்கம் கிடையாது. நான் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"ஷாலின் தூங்கல. ரெண்டு ஷிஃப்ட்டு பாத்து அசந்துட்டா. சென்சார ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க."

மேடம் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே அந்த நிருபரின் முழங்கையைத் தொட்டு, "சார், முதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்" என்று கேன்டீன் பக்கம் நடத்திக்கொண்டு போனார். நாளைக்கு எச்.ஆரைப் பார்த்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் என்னிடம் சொன்னான். போடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நானும் செல்வலட்சுமியும் ஷாலின் வீட்டுக்குப் போனோம். லாசர் வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். டிவியில் எங்கள் கம்பெனி வந்தது. மஞ்சள் தரை, கையுறை, அப்புறம் என் முகம். என் வாய் அசைந்தது. குரல் மட்டும் என்னுடையது இல்லை. 'பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தொழிலாளர்கள் வெகுவாகப் பாராட்டினர்' என்று ஒரு பெண் கணீரென்று படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பேச வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்கள்.

"நீயும் அவங்க பக்கமாம்மா?" என்றார் லாசர், சட்டைப் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பதில் சொல்வதற்குள் ஷாலின் கட்டிலை விட்டு எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். செய்திக்காரர்களுக்குப் படம் போதவில்லை போல, அதே துண்டைத் திரும்ப ஓட்டினார்கள். என் வாய் மறுபடியும் திறந்தது. அந்த வாயசைவைப் பார்த்தபடியே ஷாலின் சத்தமாகச் சொன்னாள்.

"ஷாலின் தூங்கல. ரெண்டு ஷிஃப்ட்டு பாத்து அசந்துட்டா."

"சென்சார ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க" என்று செல்வலட்சுமி வாசற்படியிலிருந்து முடித்தாள்.

லாசர் என் முகத்தைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் பாராட்டிக்கொண்டிருந்தாள். அவர் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். மூன்றாவது முறையாக என் முகம் வந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார் மகளிடம். பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு, என் வாய் திறப்பதற்காக டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.