வளைய வேண்டிய கம்பி

கம்பி வளையவில்லை. சுத்தியல் பட்டதும் 'டப்' என்று இரண்டாகப் போனது.

வார்ப்புப் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்க வந்திருந்த பம்ப் கம்பெனி மேடம் மாதிரிக் கம்பி முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது அலுமினியமா, பிஸ்கட்டா?"

உலைக்காரருக்கு வியர்த்தது. உலை பக்கத்திலிருந்தது ஒரு காரணம். இந்த ஆர்டர் கைநழுவினால் பட்டறைக்குப் பூட்டு என்பது இன்னொன்று.

"ஸ்ட்ரான்சியம் ஒரு சின்னத் துண்டு போட்டேன் மேடம். அது விழுந்தா, அலுமினியத்துக்குள்ளே ஊசி ஊசியா நின்னு முறிய வைக்கிற சிலிக்கான் நார் மாதிரி ஆகி அடங்கிடும். ஏன் அடங்கலைன்னு லேப்காரரைக் கேளுங்க."

லேப்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். உலைக்காரர் மனைவியின் தம்பி. லேப்காரருடைய கல்யாண குரூப் போட்டோவில் உலைக்காரரின் ஒரு காது மட்டும் விழுந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"ஊசியை அடக்க நான் ஆன்டிமனி போட்டேன் மேடம். மாமா வேற போட்டது எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க."

"அவர் இங்கதானே நிக்கிறார்?"

"இருந்தாலும் நீங்க சொல்லுங்க."

மேடம் சொன்னார்.

தனித்தனியாக இரண்டும் தங்கமான பிள்ளைகள். சேர்ந்தால் ஒன்றையொன்று கட்டிப் புரளும். சிலிக்கானைக் கவனிக்க ஆளிருக்காது. கலந்ததைப் பிரிக்கவும் வழியில்லை. உலோகம் உருக்கும் சட்டியான மூசையைக் காலி செய்து புதுக் கட்டிகளை உருக்கினார்கள்.

"ஏதாவது ஒண்ணு போதும்" என்றார் மேடம்.

இருவரும் தலையாட்டினார்கள்.

வயதில் மூத்தவன், நாமே விட்டுக்கொடுப்போம் என்று நினைத்தார் உலைக்காரர். ஸ்ட்ரான்சியத்தைத் தொடவில்லை. இதை மச்சானிடம் சொல்லியிருக்கலாம். பேச்சுதான் இல்லையே.

இரண்டாவது கம்பியும் 'டப்'.

"பெரியவர் போடட்டும்னு நான் ஒண்ணும் போடலைன்னு சொல்லுங்க மேடம்" என்றார் லேப்காரர், அழாத குறையாக.

மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

உலைக்காரர் மூசையைப் பார்த்தார். இன்னொரு கம்பிக்கு உலோகம் மிச்சமிருந்தது. கதவை நோக்கிப் போகும் மேடத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்தாப்பா. நான் போடறேன். நீ கையைக் கட்டிக்கிட்டு நில்லு."

"சரி மாமா."

மேடம் நின்றார்.

துண்டு விழுந்தது. கரைந்து வேலை செய்யும்வரை மூவரும் மூசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றினார்கள், ஆறவிட்டார்கள், அடித்தார்கள். கம்பி வளைந்தது. இன்னொரு அடி. இன்னும் வளைந்தது.

"ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா ஒவ்வொரு மூசைக்கும் முன்னாடி ரெண்டு பேரும் பேசிக்கணும்."

மேடம் போன பிறகு லேப்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மூசை மாமா?"

"பன்னெண்டு."

"அத்தனை தடவையா?"