செபமாலை என்று எழுதியிருந்த கேசட்

என் கணவர் அருளானந்தம் கடைசியாக என்னிடம் பேசியது கூடத்துத் தரையில் பதிக்கும் கரைக்கல்லைப் பற்றி. 1995 பிப்ரவரி, ஞாயிறு காலை. மஸ்கட்டிலிருந்து அவர் கூப்பிடும் நேரம் என்று காரைக்குடி எஸ்.டி.டி. பூத்தில் காத்திருந்தேன்.

"கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல்லு, பூப்போட்டது இருநூறு. சுத்தி ஓரத்துக்குக் கரைக்கல்லு எத்தனை?"

"எண்பது போதும்னு கொத்தனார் சொல்றாரு."

"அவரு சொல்வாரு. டீச்சரம்மா அளந்தீகளா?"

"இல்லை."

"பிள்ளைகளை மட்டும் அளக்கச் சொல்லுவீகளாக்கும்." சிரித்தார். "எம் பின்னால ஆளு நிக்குது. மிச்சத்தைக் கேசட்டுல பேசுறேன்."

பதினோராம் நாள், வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடல் வந்தது, அடக்கம் செய்தோம். அவர் பேசுகிறேன் என்று சொன்ன கேசட் மட்டும் வரவில்லை.

எங்கள் கேசட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் டேப்ரிக்கார்டர் எல்லோருக்கும் பொதுவாகக் கூடத்தில் இருந்தது. எந்தக் கேசட் வந்தாலும் நாத்தனார் பெல்சி முதலில் போட்டுவிடுவாள். அவர் அனுப்பிய முதல் கேசட்டில், "லூசி, உன் கழுத்து மச்சம் ஞாபகமாவே இருக்கு" என்று ஆரம்பித்ததும் மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். "மதினி, அந்த மச்சத்தைக் காமிங்க, நாங்களும் பாத்துக்கிறோம்" என்று பெல்சி ஒரு மாதம் என்னை விடவில்லை.

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். லீவு முடிந்து போகும்போது கோவில் வாசலில் விற்கும் செபமாலைக் கேசட்டுகள் ஆறேழு வாங்கிக்கொள்வார். முதல் பத்து நிமிடத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பிறகு செபத்தின் மேலேயே தன் குரலைப் பதிவு செய்வார். மேலே "செபமாலை" என்று தன் கையால் எழுதுவார். பெல்சி போட்டுப் பார்ப்பாள். நாலாவது அருள்நிறை மந்திரத்தில் நிறுத்திவிட்டு, "அண்ணனுக்கு அங்குட்டுப் போய் பக்தி முத்திப்போச்சு" என்பாள். எங்கள் வீட்டில் அது நன்றாகவே நடந்து வந்தது.

மூன்றாம் மாதம், அவருடைய அறைத்தோழர் காளையார்கோவில் காளிராஜ் அவர் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டைகள், கண்ணாடி, டேப்ரிக்கார்டர். அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

"இருந்துச்சுக்கா" என்றார் காளிராஜ். "மெட்ராஸ் ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ் ஆபீசரு போட்டுப் பாத்தாரு. அருள்நிறை மரியே ஓடுச்சு. சும்மா இருக்காம ஓட்டிவிட்டாரு. 'பூ இருநூறு, கரை எண்பது பத்தாது, எண்பத்தாறா வாங்கு'ன்னு அண்ணன் பேசுறாக. வெளிய செபமாலைன்னு எழுதிட்டு உள்ள என்னடா கணக்குன்னு பிடிச்சுக்கிட்டாக. ஆத்தங்குடிக் கல்லு சார்னேன். தங்கக் கல்லான்னு கேக்குறாரு!"

என்னிடம் ஒரு ரசீதை நீட்டினார். பதிவு செய்யப்பட்ட ஒலிநாடா ஒன்று என்று இருந்தது.

பள்ளிக்கு மூன்று நாள் லீவு போட்டேன். பூப்போட்ட கல் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு, காளிராஜைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மெட்ராஸ் போனேன். சுங்க அலுவலகத்தில், எங்கள் கேசட்டைப் பிடித்த அதே அதிகாரியின் மேசையில் கல்லை வைத்தேன்.

"இதுதான் சார் பூ."

விரலால் தடவிப் பார்த்தார். அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்கும்மா. சரி, ஒத்துக்கிறேன். ஆனா மிச்சத்தையும் கேட்கணும். முப்பது நிமிஷம் இருக்கும். நீங்களும் உட்காருங்க."

"நானே இன்னும் கேக்கலை சார்."

"அதனால என்ன, இப்ப கேளுங்க."

"அவரு செத்துப்போயிட்டாரு சார்."

எலுமிச்சைச் சாதக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். அதிகாரி பேனாவை மூடினார்.

"வீட்டுல ஒரு தரம் கேட்டுட்டு நானே திருப்பிக் கொண்டாந்து தாரேன்" என்றேன்.

"பிடிச்ச பொருள் கேட்காம வெளியே போகாதும்மா. வேண்டாம்னா எழுதிக் கொடுத்திடுங்க. அழிச்சிடுவாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு இருந்தது இரண்டு வழி. அந்நியர் மூன்று பேர் என் முகத்தைப் பார்க்கக் கணவர் குரலை முதன்முதலாகக் கேட்பது. அல்லது கேட்காமலே போவது. மூன்றாவது ஒன்று எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

"நீங்க கேளுங்க சார். நான் வெளிய நிக்கிறேன். நீங்க ஒருத்தர் மட்டும் கேளுங்க, அது போதும்."

அதிகாரி மற்ற இருவரிடமும், "டீ குடிச்சிட்டு வாங்கய்யா" என்றார்.

கதவைச் சாத்தினார். ஆனால் மேலே கண்ணாடிச் சட்டம் ஒன்று திறந்திருந்தது. செபம் முடிந்து என் கணவர் குரல் கேட்டது. சொற்கள் புரியவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும். இன்னும் ஓரடி கிட்டே போனால் புரிந்துவிடும். நான் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய், படிக்கட்டுப் பக்கம் நின்று, வாய்விட்டுச் செபமாலை சொல்ல ஆரம்பித்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் பார்த்தார்கள். காளிராஜ் கூடையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

செபமாலையில் நாலாவது பத்து மணிகளை உருட்டி முடிக்கும்போது அதிகாரி வெளியே வந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பதிவேட்டை நீட்டினார். "முதல் பகுதி பிரார்த்தனை. பிறகு கணவர் மனைவியிடம் பேசுவது. ஆட்சேபகரமாக எதுவும் இல்லை." அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

கேசட்டைக் கொடுத்தவர் கையை உடனே எடுக்கவில்லை. "கடைசியில உங்களை அவர் வந்து..."

"சொல்லாதீக சார்."

கையை எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டார் எல்லோரும் பூசைக்குப் போனபின் கேட்டேன். அதில் இருந்ததை இங்கே எழுதப் போவதில்லை. என்னைத் தவிர ஒருவருக்குத் தெரியும். அதுவே ஓர் ஆள் அதிகம்.

கரைக்கல் எண்பத்தாறு வாங்கினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை, குறையவுமில்லை.

பெல்சி கல்யாணமாகிப் போய்விட்டாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அலமாரியைத் துடைக்கிறாள். அந்தக் கேசட்டை எடுத்து, மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறாள். செபமாலை என்றுதான் இருக்கிறது.