எந்தப் பை?

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்து என் தங்கைக்கு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. இரண்டாவது வாரமே வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தே ஆள் பாதியாகிவிட்டாள். இப்படியே போனால் சிகிச்சையை நடுவில் நிறுத்தவேண்டி வரும் என்றார் டாக்டரம்மா. நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமோ என்று எனக்குப் பயம்.

சந்தேகப்பட்டு, அன்று கதிர்வீச்சு மெஷினிலேயே படம் எடுத்துப் பார்த்தார்கள்.

"பை காலியா இருக்கே! நிறைஞ்சிருக்கணும்னு மெஷின்காரர் சொல்லலையா?" என்றார் டாக்டரம்மா.

"தினமும் கேக்கறார். நிறைஞ்சிருக்குன்னுதானே சொல்றேன்," என்று தங்கை தன் கைப்பையைத் தூக்கிக் காட்டினாள். துண்டும் மாற்றுத்துணியும் பிதுங்கிக்கொண்டிருந்தன.

மெஷின்காரர் தரையைப் பார்த்தார். பெண்களிடம் முழுப்பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு, மனுஷன் வெறும் 'பை' என்றே காலத்தை ஓட்டியிருக்கிறார். அவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன சிரிப்பு வந்து தொலைத்தது.

"எந்தப் பை டாக்டர்? இருந்த பையைத்தான் எடுத்துட்டீங்களே," என்றாள் தங்கை.

"மூத்திரப்பைம்மா. கர்ப்பப்பை இருந்த இடத்துல இப்ப குடல் இறங்குது. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா அதை மேல தள்ளிடும். காலியா இருந்தா குடல் நேரா கதிர்ல மாட்டிக்கும், அதான் இந்த வயித்துப்போக்கு. கதிர்வீச்சுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்த அன்னிக்கு நர்ஸ் தண்ணி குடிக்கவச்சு உக்காரவச்சாங்கல்ல? தினமும் அப்படித்தான்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஆபரேஷனுக்கு அப்புறம் இருமினாலே கசியுது. அதனாலதான் உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடுவேன். மெஷின் மேல போயிட்டா மானம் போயிடும்க்கா."

"மானத்தை அப்புறம் பாத்துக்கலாம். பேசாம குடி," என்றேன்.

மறுநாள் குடித்தாள், அடக்கிக்கொண்டு காத்திருந்தாள், உள்ளே போனாள். பயந்தபடியே ஆகிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். கதிர்வீச்சு முடிந்தும் எழுந்திருக்காமல், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மெஷின்காரர் புது விரிப்பை எடுத்துக்கொண்டு வந்தார். இந்தமுறை கூசவில்லை.

"மூத்திரம்தானேம்மா? விரிப்பை மாத்திடலாம். குடலை மாத்த முடியாது."

தங்கை மெல்ல முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப நாளைக்கு ரெண்டா விரிச்சு வைங்க," என்றாள்.