நாலாம் தடத்துக் கல்

1974 பிப்ரவரி பத்தாம் தேதி மாலை, பனித்தளத்தில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் விளையாட்டின் ஹோல்மர் ஊர் இறுதியாட்டத்தில் சிக்ரூன் தள்ளிவிட்ட கடைசிக் கல் முப்பது வருஷம் நிற்கவில்லை. பனித்தளத்தில் வழுக்கி வந்து, தடத்தின் கோடியில் வரைந்த இலக்கு வட்டத்துக்குள் நுழைந்து, வேகம் குறைந்தது; குறைந்துகொண்டே போனது; நிற்க மட்டும் மாட்டேன் என்றது. வருஷத்துக்கு ஒரு விரற்கடை நகர்ந்தது. கோடையில் பனி உருகியபோது சிமெண்டுத் தரையில் நகர்ந்தது. மற்ற மூன்று தடங்களில் வருஷாவருஷம் போட்டி நடந்தது, யாராவது ஜெயித்தார்கள், அவர்கள் படம் சுவரில் ஏறியது. 1974க்கு அடித்த ஆணி மட்டும் மொட்டையாக இருந்தது.

மானிடோபா ஏரிக்கரையில் ஒரு பெண்கள் அணி ஆண்களோடு மோதி இறுதி வரைக்கும் வந்தது அதுவே முதல் தடவை. எதிரணித் தலைவர் ஹன்னெஸ் மூன்று முறை ஜெயித்து, மூன்று படங்களிலும் முறைத்துக்கொண்டு நிற்பவர். அவருடைய கல் நடுப்புள்ளிக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. சிக்ரூனின் கல் அதைவிட நெருங்கி நின்றால் கோப்பை அவளுக்கு. வட்டாரச் சங்கத்துக்கு அது பொறுக்குமா? 1981இல் செயலாளர், ஹன்னெஸின் படத்துக்குச் சட்டமே போட்டு எடுத்து வந்துவிட்டார். பெண்களுக்கு ஆறுதல் பரிசு தருவதாகவும் சொன்னார். சிக்ரூன் மீன் அறுக்கும் கத்தியால் ஆணியை நெம்பிப் பிடுங்கி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கல்லு நிக்கட்டும். அப்புறம் ஆணி அடிச்சுக்கலாம்."

ஹன்னெஸும் அந்தப் படத்தைத் தொடவில்லை. முடியாத ஆட்டத்தை ஜெயித்தவன் என்று பேரெடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து? ஆனால் அவள் தோற்பதைக் கண்ணால் பார்க்காமல் சாக மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சிக்ரூன் ஒவ்வொரு குளிர்காலமும், கல் தூரம் போகட்டும் என்று அதன் முன்னால் பனியைப் பெருக்கினாள். கூட ஆடிய குட்னி 89இல் போய்ச் சேர்ந்தாள், தோரா 96இல். லில்யா ஒருத்திதான் மிச்சம். இரண்டு பேருமாகப் பெருக்கினார்கள்.

2004 போட்டியின் கடைசி நாள். சிக்ரூனுக்கு எழுபத்தொன்று, கை நடுக்கம். விளக்குமாற்றின் ஒரு நார் கல்லில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. கர்லிங்கில் தப்பை அவரவரே சொல்ல வேண்டும். வட்டத்துக்குள் தொட்ட கல்லை எடுப்பதா விடுவதா என்பது எதிரணியின் இஷ்டம். ஒரு வார்த்தையில் முப்பது வருஷம் வீணாகிவிடும். பாழாய்ப்போன விதி என்று அவளுக்கு அழுகை முட்டியது. இருந்தாலும் நிமிர்ந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"தொட்டுட்டேன். எடுக்கணும்னா எடு, ஹன்னெஸ். கெஞ்ச மாட்டேன்."

எண்பது வயது ஹன்னெஸ் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு வருஷம் உயிரப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்? கெடக்கட்டும். பெருக்குடி, கெழவி."

நாலு மணிக்குக் கல் நின்றது. அளந்தார்கள். அரை விரற்கடை சிக்ரூன் பக்கம். ஹன்னெஸ் திட்டிக்கொண்டே கை குலுக்கினார். வழக்கப்படி, தோற்றவருக்கு முதல் கோப்பை விஸ்கியை ஜெயித்தவள் வாங்கிக் கொடுத்தாள்.

சிக்ரூனும் லில்யாவும் படம் எடுத்துக்கொண்டார்கள். கழுவி வந்த படத்தில் விளக்குமாறும் கையுமாக நாலு பேர் நின்றார்கள். செத்தவர்கள் படத்தில் நிற்கலாமா என்று புதிய செயலாளர் இழுத்தார். ஆடியவர்கள்தானே நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சிக்ரூன் பையிலிருந்து அந்தப் பழைய ஆணியை எடுத்து அடித்தாள். ஊர்க்காரர்களுக்கு ஒரே ஒரு குறைதான். எல்லாப் படத்திலும் போல இதிலும் குட்னி கண்ணை மூடிவிட்டாள்.