செர்ரியா, திராட்சையா?

மில்ஃபோர்க்கில் இன்றைக்கும் யாராவது ஏடாகூடமாக எதையாவது செய்து வைத்தால், பக்கத்தில் நிற்பவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "செர்ரியா, திராட்சையா?" சோளம் ஏற்றிய லாரியைப் பின்னால் எடுத்து அடுத்த வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்தவனிடமும் கேட்டார்கள். மாதா கோவிலில் மோதிரத்தை நழுவ விட்ட மாப்பிள்ளையிடமும் கேட்டார்கள். வெளியூர்க்காரர்கள் திருதிருவென விழிப்பார்கள். மிலோ வோந்த்ரா மட்டும் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அந்தக் கேள்வி பிறந்ததே அவனால்தான். தலை நரைத்துப் பேரப்பிள்ளைகளும் எடுத்தாயிற்று, இன்னும் அதைக் கேட்டால் காது சிவந்துவிடுகிறது. கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது.

அப்போது அவனுக்குப் பத்து வயது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மே மாதம் பள்ளிக்கூடம் நடக்கிறது என்பதெல்லாம் சும்மா பேச்சு. பையன்களின் உடம்பு வகுப்பில் இருக்கும், உயிர் பேஸ்பால் மைதானத்தில் கிடக்கும்.

மைதானம் தானியக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. வேலி என்று ஒன்றும் கிடையாது. வலது பக்கக் கோட்டுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி ஒரு மரக் கொட்டகை. அதுதான் தீனிக்கடை. ஜன்னலுக்குப் பின்னால் மிஸஸ் குசெரா நின்று சோளப்பொரியும், பிளம் ஜாம் வைத்த கொலாச்சி ரொட்டியும், காகிதக் கூம்பில் துருவிய ஐஸும் விற்பாள். ஐஸின் மேல் செர்ரிச் சாறோ திராட்சைச் சாறோ ஊற்றித் தருவாள். ஊருக்கு இருந்ததே நாலைந்து நல்ல பந்துதான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே பறக்கிற ஃபவுல் பந்தை யார் தேடி எடுத்து வந்து அந்த ஜன்னல் பலகையில் வைக்கிறார்களோ, அவர்களுக்கு ஒரு ஐஸ் இலவசம்.

இந்த விஷயத்தில் மிலோ மகாராஜா. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதே வேலைதான் என்று சொன்னாலும் தப்பில்லை. மட்டையில் பந்து படுகிற சத்தத்தை வைத்தே அது புதரில் விழுமா, பாதிரியாரின் கார்மேல் விழுமா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மற்றக் குழந்தைகள் வாயைப் பிளந்து ஆகாயத்தைப் பார்ப்பதற்குள் இவன் பந்தைப் பலகையில் வைத்துவிட்டு, "செர்ரி!" என்பான்.

மறுநாள் வகுப்பில் மிஸ்டர் துருஹ்லார், "நாக்க நீட்டுடா" என்பார். நாக்கு சிவப்பாக இருந்தால் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அர்த்தம். நோட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

இந்த துருஹ்லார்தான் சாயங்காலம் மைதானத்தில் நடுவர். பகலில் கட்டின அதே டையோடு, மேலே மார்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்பார். காலையில் பின்னக் கணக்கில் தப்பு போட்டவன் சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்து மட்டை பிடிக்க வேண்டும். இந்தக் கொடுமை வேறு எந்த ஊரில் உண்டு?

பத்து வயதானதும் மிலோவை அணியில் சேர்த்துக்கொண்டார்கள். முதுகில் 'ஹாஜெக் விதைக்கடை' என்று எழுதிய பச்சைச் சட்டை கிடைத்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டே தூங்கினான். மட்டை பிடிக்க வராது, எறிவது மட்டும் சுமாராக வரும். கோச் எமில் செட்லாக் அவனை வலது மூலைக்கு அனுப்பினார். பந்து எட்டிக்கூடப் பார்க்காத இடம் அது. அங்கே நிற்பவனுக்கு பஞ்சாய்ப் பறக்கிற டான்டேலியன் பூவை ஊதுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஆனால் கார்வர் ஊர்க்காரர்களோடு ஆடிய அன்று பந்து வந்தது. கோட்டை ஒட்டினாற்போல், ஆனால் கோட்டுக்கு உள்ளே விழுந்து உருண்டது. கடையடியில் நின்ற பொடிசுகள் அதை ஃபவுல் என்று நினைத்துக்கொண்டு, "பந்து! பந்து!" என்று கத்தியபடி ஓடி வந்தன. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், மிலோவின் கால்கள் அவனைக் கேட்காமலே கிளம்பிவிட்டன. பொடிசுகளை முந்த வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது. முந்தினான். பந்தை அள்ளினான். தலைதெறிக்க ஓடி ஜன்னல் பலகையில் வைத்தான்.

"செர்ரி!"

மிஸஸ் குசெராவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"டேய் கண்ணு, நீ ஆட்டத்துல இருக்கேடா!"

திரும்பிப் பார்த்தான். கார்வர் பையன்கள் ஒருவர்பின் ஒருவராக, ஊர்வலம் போகிற மாதிரி நிதானமாக ஓடி வந்து ஆட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரிப்புத் தாங்காமல், ஓட்டம் முடிகிற இடமான கடைசி பேஸில் விழுந்து புரண்டான். பந்து எறிகிற ரூடி ஹாஜெக், விதைக்கடைக்காரர் மகன், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

கோச் செட்லாக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த வாரம் கடைசி ஆட்டம். அதுலயும் இதே கூத்த நடத்தினே, சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு அந்தம்மாகிட்டயே வேலைக்குச் சேர்ந்துக்கோ. அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வராத."

மானம் கப்பலேறியது அன்றோடு நிற்கவில்லை. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் அவன் மேஜையில் கசக்கிய காகித உருண்டைகள் குவிந்து கிடந்தன. ஆளாளுக்கு வந்து ஒன்றை வைத்துவிட்டு, "செர்ரி!" என்றார்கள். ரூடி மட்டும் குனிந்து கேட்டான், "செர்ரியா, திராட்சையா? சொல்லித் தொலைடா. எங்க தோல்வியோட ருசிய நாங்களும் பாக்கணும்ல?"

மிஸ்டர் துருஹ்லார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை மிலோ பார்த்துவிட்டான். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான். கிண்டல் போகட்டும். அந்தச் சட்டை போய்விடுமே என்பதுதான் அவன் கவலை.

கடைசி ஆட்டத்தன்று சீக்கிரமே போய் ஜன்னலடியில் நின்றான்.

"மிஸஸ் குசெரா, நான் உள்ள நிக்கறப்ப மட்டும் ஜன்னல சாத்திக்கிறீங்களா?"

"நல்லா இருக்கே நியாயம்! நூறு கொலாச்சி சுட்டு வச்சிருக்கேன். சாத்திட்டு நான் ஒருத்தியே தின்னவா?"

"அப்ப என்னப் பாக்காதீங்க."

"உன்னப் பாக்க எனக்கு வேற வேலையில்ல பாரு. போடா, போய் ஆடு!"

எதிரணி மறுபடியும் கார்வர். துருஹ்லார் ஆட்டம் தொடங்குமுன் புது விதி ஒன்றை அறிவித்தார்: "வலது பக்கம் கடைச் சுவரு வரைக்கும் ஆட்டம்தான். பந்தோ பந்து வச்சிருக்கறவனோ சுவத்தத் தொட்டா ஆட்டம் அதோட நிக்கும், ஓடறவனுக்கு ஒரு பேஸ் இனாம். இந்த விதி எதுக்குன்னு நான் சொல்லணுமா?" எல்லோரும் மிலோவைப் பார்த்தார்கள்.

கடைசிச் சுற்று வந்தது. மில்ஃபோர்க் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். கார்வருக்கு ஒருவன் அவுட், இன்னும் இரண்டு பேர் அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். மூன்றாவது பேஸில் ஒருவன் ஓடத் தயாராக நிற்கிறான். அவன் கடைசி பேஸுக்கு வந்து சேர்ந்தால் ஆட்டம் சமன். ரூடி எறிந்தான். மட்டையில் பட்டது.

அந்தச் சத்தம் மிலோவுக்குத் தெரிந்த சத்தம். கோட்டுக்கு வெளியே, உயரமாக, கடைப் பக்கம். முதல் பேஸைக் காத்து நின்ற மில்ஃபோர்க் பையன் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே மிலோ பாதி தூரம் போய்விட்டான். ஃபவுல் பந்தானாலும் தரையில் விழுமுன் பிடித்தால் அவுட். பொடிசுகள் இந்த முறையும் கத்திக்கொண்டு வந்தார்கள்; அவர்களுக்கு நடுவே புகுந்து கையுறையை நீட்டினான். பொத்தென்று விழுந்தது. கால் வழுக்கி, சுவரில் மோத விரற்கடை இருக்கும்போது நின்றான்.

மூக்குக்கு நேரே ஜன்னல் பலகை. அதற்கும் மேலே, சொட்டச் சொட்டச் சிவப்பாக ஒரு ஐஸ்.

"செர்ரிதானே கண்ணு?" என்றாள் மிஸஸ் குசெரா. பாவம், அவள் என்ன செய்வாள்? பந்தோடு இந்தப் பையன் முகம் ஜன்னலில் தெரிந்தால் கை தானாக ஐஸை நீட்டிப் பழகிவிட்டது.

"ஓடறான்டா! எறி! எறிடா!" ரூடியின் குரல் கிழிந்தது. பந்தைப் பிடித்துவிட்டால் பேஸில் நிற்பவன் ஓடலாம். கார்வர்க்காரன் ஓடிக்கொண்டிருந்தான். மிலோவின் கை பலகைப் பக்கம் போனது. ஆமாம், போகத்தான் செய்தது, அதை மறைப்பானேன். கோச் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பாதி வழியில் அந்தக் கை நின்றது. மிலோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான், பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தான்.

ஒரு தடவை தரையில் பட்டுத் துள்ளி, பந்து கடைசி பேஸைக் காத்து நிற்கிற கேட்சரின் கையுறைக்குள் போய் விழுந்தது. ஓடி வந்தவன் அதன்மேலேயே சறுக்கினான். புழுதி.

"அவுட்!" என்று துருஹ்லார் போட்ட கூச்சலில் டை தோளுக்கு மேலே பறந்தது. நடுவர் இப்படிக் குதிக்கலாமா என்று கார்வர்க்காரர்கள் பிறகு வெகு நாள் முணுமுணுத்தார்கள்.

எல்லோரும் மேலே விழுந்து அமுக்கியதிலிருந்து ஒருவழியாக வெளியே வந்த மிலோ, நேராக ஜன்னலுக்குப் போனான்.

"இப்பக் குடுங்க."

"பந்து எங்க?" என்றாள் மிஸஸ் குசெரா. "பந்து வச்சாத்தான் ஐஸ். உனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?"

மிலோ மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பலகையில் பந்தை வைத்தது. ரூடி. கேட்சரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தான், மூச்சிரைத்தது.

"இவனுக்கு ஒரு செர்ரி" என்றான். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எனக்கும் பாதி தாடா."

இருவரும் போட்டி போட்டுக் கடித்ததில் சாறு பாதி மிலோவின் சட்டைமேல் வழிந்தது. அப்போதுதான் கோச் எதிரே வந்து நின்றார்.

"சட்டையக் கழட்டு."

மிலோவின் முகம் செத்துப்போயிற்று. "கோச்... நான்தான் எறிஞ்சேனே?"

"எறிஞ்சே. இல்லேன்னு யாரு சொன்னா? முன்னாடி பாரு, ஒரே செர்ரி. இப்பவே தண்ணியில போட்டாத்தான் கறை போகும். அடுத்த வருஷம் இந்தக் கோலத்துலயா வந்து நிப்பே?"

அம்மா சோப்புப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தும் கறை போகவில்லை. அடுத்த வருஷமும் அதே சட்டையோடுதான் வலது மூலையில் போய் நின்றான்.