மாப்பிள்ளை மாட்டிய விளக்கு

மெக்கானிக் ஆரோக்கியதாஸ் இடப்பக்க பல்பை வலப்பக்கமும் வலப்பக்க பல்பை இடப்பக்கமும் மாற்றி மாட்டிப் பார்த்தார். காரின் முன்விளக்குகள் இரண்டும் பழையபடியே துடித்தன.

"பேட்டரி நல்லா இருக்கு. எர்த் ஒயரும் சுத்தம். பல்பும் நல்ல பல்புதாங்க ஐயா," என்றார். "எல்.இ.டி. கம்மியா கரண்டு இழுக்குது. வண்டியில இருக்குற கம்ப்யூட்டரு, பல்பு போயிருச்சுன்னு நெனச்சு விட்டுவிட்டுச் சோதிக்குது. நடுவுல ஒரு ரெசிஸ்டர் மாட்டுனா நின்னுரும். திருச்சியில இருந்து வரணும். அதுவரைக்கும் பழைய பல்பையே மாட்டித் தர்றேன்."

இலுப்பூர்ப் பட்டறையில் நின்றிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். "குவைத்து பல்புக்கு நம்ம ஊரு காத்து ஒத்துக்கல போல!"

மலையாண்டி தன் மருமகன் குணசேகரனைத் திரும்பிப் பார்த்தார். லீவில் வரும்போது ஆசையாக வாங்கிவந்து, தன் கையாலேயே மாட்டியவர். முகம் சுண்டிப்போயிருந்தது. பெண் கொடுத்த வீட்டின் முன்னால் அந்த முகம் சுண்டலாமா?

"எங்க மாப்பிள்ளை மாட்டுனது அப்படியே இருக்கட்டும். சாமான் வந்ததும் சொல்லுங்க," என்றார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குணசேகரன் ஓட்ட, மலையாண்டி பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட்டில் அவர் மனைவி அழகம்மாள், மறுநாள் கோயில் காப்புக்கட்டுக்கு வாங்கிய பூவும் மஞ்சளுமாக இருந்தாள். முதல் விபூதி யாருக்கு என்று மலையாண்டிக்கும் பங்காளி ராக்கனுக்கும் மூண்ட சண்டையில் கோயில் சில வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஊரே கூடிப் பேசி, இப்போதுதான் இருவரையும் சேர்ந்து நிற்கச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். இனி ஒரு தடித்த வார்த்தை விழுந்தாலும் போச்சு.

கண்மாய்க்கரை ஏறும்போது நன்றாக இருட்டிவிட்டது. அந்தக் கரையில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரெதிரே வந்தால் முதலில் லைட் அடித்தவனுக்கு வழி விடுவது வழக்கம். பதிலுக்கு விடாமல் அடித்தால் வம்புக்கு இழுப்பதாக அர்த்தம்.

எதிரே வந்த கார் ஒருமுறை அடித்தது. இவர்களுடைய விளக்குகள் துடித்தன, மறுபடி துடித்தன, நிற்கவேயில்லை.

"ஏங்க, லைட்டை அமத்தச் சொல்லுங்க," என்றாள் அழகம்மாள்.

"அமத்திட்டு எப்படிப் பின்னால எடுக்குறது? கண்மாய் நெறஞ்சு கெடக்கு."

எதிர்க் கார் நேராக முன்னால் வந்து நின்றது. ராக்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கூடவே அவர் மகன்கள் இருவர். துடிக்கிற வெளிச்சத்தில் அவர் முகம் தோன்றித் தோன்றி மறைந்தது.

"அண்ணே, நீங்களா?" குரல் ஒரு கணம் இளகி இறுகியது. "நான் ஒரு தடவதான் அடிச்சேன். நீங்க விடாம அடிக்கிறீங்க. இன்னும் காப்புக்கூடக் கட்டல, அதுக்குள்ள ஒதுங்குடாங்கிறீங்க."

குணசேகரன் இறங்கினார். "சின்ன மாமா, தப்பா நெனைக்காதீங்க. பல்புல..."

"மாமனாருக்கு டிரைவர் வேலை பாக்கவா மச்சான் குவைத்துல இருந்து வந்தீங்க?" என்றான் ராக்கனின் மூத்த மகன்.

குணசேகரனின் கைகள் கும்பிடக் குவிந்தன. அவை சேர்வதற்குள் மலையாண்டி இறங்கிவந்து பற்றிக்கொண்டார். தன் வீட்டு மாப்பிள்ளை நடுக்கரையில் ராக்கன் பிள்ளைகள் முன் கையெடுப்பதா? அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர் இல்லை அவர்.

"பல்புல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"ஐயோ," என்றாள் அழகம்மாள் காருக்குள்ளிருந்து.

"யோசிச்சுச் சொல்லுங்கண்ணே," என்றார் ராக்கன்.

"சொன்னது சொன்னதுதான்."

ராக்கன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். கத்தவில்லை. அது மலையாண்டிக்குப் பிடிக்கவில்லை. "அப்ப சரி. வண்டியப் பின்னால எடுறா. அண்ணனுக்கு வழி விடு."

அந்தக் கார் கரை முழுக்கப் பின்னாலேயே போய் ஒதுங்கி நின்றது. கடந்தபோது மூத்தவன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான்.

இவர்கள் ஊருக்குள் நுழைகையில் டீக்கடையில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. கோயிலின் இரும்புக் கதவை யாரோ இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

மலையாண்டி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"நிறுத்தாதீங்க மாப்ள. நேரா வீட்டுக்குப் போங்க. போனதும் கேட்டைப் பூட்டிருங்க."